உருண்டு வந்த இஸ்திரி வண்டி

மில் முதலாளி தணிகாசலத்தின் கார் மோதியதில், துணி தேய்க்கும் அஞ்சலையின் இஸ்திரி வண்டி நொறுங்கியது. அவள் கையும் ஒடிந்தது. நஷ்டஈடு கேட்டு ஸ்டேஷனுக்குப் போனாள்.

"என் கார் ஓரமா நின்னுச்சு. இவ வண்டிதான் சரிவுல உருண்டு வந்து இடிச்சுது!" என்று அதட்டினார் முதலாளி.

அஞ்சலை பதறவில்லை. "முதலாளி சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்குங்க சார்" என்றாள் இன்ஸ்பெக்டரிடம்.

முதலாளி ஜம்பமாகக் கையெழுத்துப் போட்டார்.

"இப்ப ஒரு எட்டு வந்து பாருங்க சார். வண்டிச் சக்கரத்தைக் கழட்டி நாலு வருஷமாச்சு. செங்கல் மேலதான் நின்னுச்சு."

போய்ப் பார்த்த இன்ஸ்பெக்டர், உடைந்த பலகைக்கு அடியில் செங்கல் அடுக்கைக் கண்டு சிரித்துவிட்டார். முதலாளி தலை தொங்கியது. வைத்தியச் செலவோடு புது வண்டியும் தர ஒப்புக்கொண்டார்.

"சக்கரம் வச்சே செய்யச் சொல்லுங்க முதலாளி" என்றாள் அஞ்சலை. "அடுத்த தடவையாவது நீங்க சொல்றதை நாலு பேர் நம்பணும்ல!"