பெருந்தலை தொலைத்த துடுப்பு

மீனும் பறவையும் வாய் ஓயாமல் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், வடகோடிப் பனிக்கடலில் பெருந்தலை என்றொரு திமிங்கிலம் இருந்தது. உடம்பில் மூன்றில் ஒரு பங்கு தலைதான். அதை நினைத்தாலே பெருந்தலைக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். ஆனால் முதுகில் ஆளுயரத்துக்கு ஒரு துடுப்பு நிமிர்ந்து நின்றது. கடற்காகங்கள் அதில் வந்து உட்கார்ந்து, “என்ன எடுப்பு! என்ன மிடுக்கு!” என்று ஏற்றிவிடும். காலே இல்லாத பெருந்தலைக்கும் தலைகால் புரியாது.

குளிர் நெருங்கியது. சிமிழி என்ற வெள்ளைத் திமிங்கிலம் தன் சாம்பல் நிறக் குட்டியோடு வந்தது.

“அண்ணே, தண்ணி உறையுது. கூட்டமெல்லாம் தெற்கே கிளம்பலாமா?”

“ஏன் பறக்கிறே, தங்கச்சி? இன்னும் ரெண்டு நாள் போகட்டும். கடற்காகங்க என் துடுப்புமேல ஊர்வலம் போகணும்னு ஆசைப்படுது.”

வழி தெரிந்த அண்ணன் சொன்னால் சரிதான் என்று சிமிழியும் கூட்டத்தை நிறுத்திவைத்தது. இரண்டு நாள் நாலு நாளானது. ஐந்தாம் நாள் எல்லோரும் இரைக்கு மூழ்கிவிட்டு மேலே வந்தால், கடலே பனியால் மூடிக் கிடந்தது.

திமிங்கிலத்துக்கு மீனைப் போலத் தண்ணீருக்குள் மூச்சு விட முடியாது. குட்டி தவித்தது. “மாமா, மேலே போகணும்...”

பெருந்தலைக்கு அப்போதுதான் உறைத்தது. தன் பகட்டால்தானே இந்தப் பிள்ளை தவிக்கிறது! விர்ரென்று மேலே பாய்ந்தது. தலை முட்டுவதற்குள், அதற்கும் மேலே நிமிர்ந்து நின்ற துடுப்பு பனியில் இடித்துத் தடுத்தது. மறுபடியும் பாய்ந்தது. மறுபடியும் துடுப்பு.

“தலையால முட்டுங்க அண்ணே! உங்க தலைக்குத்தான் இது உடையும்!” என்று கத்தியது சிமிழி.

“முட்டத்தான் பார்க்கிறேன். இந்தத் துடுப்பு விடமாட்டேங்குதே!”

குட்டி கண்ணை மூடியது. பெருந்தலை அதற்குமேல் யோசிக்கவில்லை. கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருந்த கூரான பனி விளிம்பில் முதுகைக் கொடுத்து ஒரே இழுப்பு. துடுப்பு அடியோடு கழன்று ஆழத்துக்குப் போனது. உயிர் போகிற வலி. அந்த வலியோடே பாய்ந்து மடாரென்று முட்டியதில் பனி பிளந்தது.

குட்டி எழும்பிப் புஸ்ஸென்று மூச்சு விட்டது. பின்னாலேயே கூட்டம் முழுவதும் புஸ், புஸ்!

“மாமா, உங்க துடுப்பு எங்கே?”

“தொலையட்டும் சனியன். உனக்கு மூச்சு வந்துச்சா?”

“வந்துச்சு மாமா. உங்க தலை ரொம்ப அழகு.”

இத்தனை வயதில் பெருந்தலையிடம் யாருமே சொல்லாத வார்த்தை அது. சந்தோஷம் தாங்காமல், தேவையில்லாத இடத்தில்கூடப் பனியை முட்டி உடைத்துக்கொண்டே தெற்கே போனது.

அதன் வம்சத்தில் யாருக்கும் பிறகு அந்தத் துடுப்பு முளைக்கவேயில்லை. அன்று முதல்தான், வழவழ முதுகோடு அந்த வம்சம் பனியை முட்டி வழி திறந்து போக, வெள்ளைத் திமிங்கிலங்கள் நம்பிப் பின்னால் வருகின்றன.