அரசன் கை உப்பு

ரொம்ப காலத்துக்கு முந்தி, கடலோரத்தில் அலைக்கரை என்று ஒரு நாடு. கடம்பவேலன் என்ற ராஜா அதை ஆண்டு வந்தான். பாதி வயல், பாதி உப்பளம். ராஜா நல்லவன்தான். ஆனால் அந்த நாக்கு இருக்கிறதே, கருவாட்டைத் தின்றுவிட்டுக்கூட "உப்பு குறைவு" என்று சொல்லும்.

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் மடைப்பள்ளிக் கொப்பரை கொதிக்கும்போது ராஜாவே வந்து தன் கையால் உப்பு அள்ளிப் போடவேண்டும். போட்டபின் யாரும் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. சபைப் பெரியவர்களிலிருந்து உப்பளத்து ஆட்கள் வரைக்கும் அதே கொப்பரைச் சாப்பாடுதான். எவன் ஆரம்பித்த கூத்தோ!

தின்னத் தின்ன நாக்கு மரத்துப்போகும் அல்லவா? சிட்டிகையாகப் போட்ட கை பிடியாகப் போட்டது, அப்புறம் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டது. கடைசியில் ஒரு நாள் ராஜாவுக்குக் கால் வீங்கிவிட்டது. மோதிரம் விரலை விட்டுக் கழலமாட்டேன் என்றது. தலை கிறுகிறுத்தது.

"எவனோ எனக்கு மருந்து வைத்துவிட்டான்!" என்று சபையே அதிரக் கத்தினான்.

வல்லபராயர் எழுந்தார். அமைச்சர் ஆசனத்தின் மேல் வெகு நாளாகக் கண் வைத்திருந்த மனுஷர். "வேறு யார் மகாராஜா? சமையற்காரன் மாடக்கண்ணுதான். அவனை இங்கே கொண்டுவந்து சேர்த்தது யார் என்றும் கொஞ்சம் விசாரியுங்கள்."

சேர்த்தவர் அமைச்சர் திருமேனியார். அது ஊருக்கே தெரியும். வேண்டுமென்றுதான் கேட்டார் வல்லபராயர், பாவி மனுஷர்.

மாடக்கண்ணுவை இழுத்து வந்தார்கள். "சாமி, நான் பிள்ளைகுட்டிக்காரன். ஒரு பாவமும் அறியேன்" என்று அழுதான்.

"பொழுது சாய்வதற்குள் குடும்பத்தோடு எல்லையைத் தாண்டிப் போய்விடு!" என்றான் ராஜா.

"கொஞ்சம் பொறுங்கள் மகாராஜா" என்றார் திருமேனியார். "அரண்மனை வைத்தியரைக் கேட்டேன். குற்றம் இவன்மேல் இல்லை. கொப்பரையில் விழுகிற உப்பின்மேல்தான்."

"என் கையையா குற்றம் சொல்கிறீர்?"

"கையைச் சொல்லவில்லை. அது அள்ளுகிற அளவைச் சொல்கிறேன்."

வல்லபராயர் சிரித்தார். "நன்றாயிருக்கிறது! உப்பளத்து ஆட்களும் அதே கஞ்சியைத்தானே குடிக்கிறார்கள்? அவர்கள் கால் வீங்கவில்லையே?"

"அதானே!" என்றது சபை. அது எப்போதும் அப்படித்தான் சொல்லும்.

"அமைச்சரே, அந்திக்குள் நிரூபியும். முடியாவிட்டால் இவனோடு நீரும் கிளம்பவேண்டியதுதான்" என்றான் ராஜா.

திருமேனியார் ஆளனுப்பி, உப்பளத்திலிருந்து உடையான் என்பவனை அழைத்து வந்தார். அவன் முதுகில் கிடந்த கறுப்புத் துண்டை வாங்கிச் சபை நடுவில் விரித்தார். துண்டெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கோடு.

"இது என்ன?" என்றான் ராஜா.

"வேர்வை காய்ந்த உப்பு மகாராஜா. இவன் தின்றதில் பெரும்பாகம் வெயிலில் முதுகு வழியாகவே போய்விடுகிறது. தங்கள் அங்கவஸ்திரத்தில் ஒரு பொட்டு வெள்ளை உண்டா?"

"இரண்டு பேர் சாமரம் வீசுகிறார்கள். எனக்கு எங்கே ஐயா வேர்க்கும்?"

"அப்படியானால் தின்ற உப்பு எங்கே போகும்? உள்ளேயே தங்கித் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. சபையோரே, வேட்டியைக் கொஞ்சம் தூக்கி, முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்துங்கள்."

அழுத்தினார்கள். அத்தனை பேர் காலிலும் பிசைந்த மாவில் விரல் வைத்தது போலக் குழி விழுந்தது. விழுந்த குழி மேலே வரவே இல்லை. எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கு விழவில்லையே!" என்று வல்லபராயர் பெருமையாகக் காலை நீட்டினார்.

"அதைப் பார்க்கத்தான் காத்திருந்தேன்" என்றார் திருமேனியார். "நீர் வேர்க்க விறுவிறுக்க வேலை செய்பவரும் இல்லை. அரசர் கை உப்பைத் தினம் தின்கிறவருக்குக் கால் மட்டும் எப்படி ஐயா இப்படி இருக்கிறது?"

வல்லபராயர் விழித்தார். ராஜா எழுந்து கிட்டே வந்ததும் உண்மை வெளியே வந்துவிட்டது. "மன்னிக்கவேண்டும்... இங்கே இலையில் பிசைந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவேன். அரண்மனைச் சாப்பாடு வாயில் வைக்கமுடியாதபடி கரிக்கிறது."

"கரிக்கிறது என்று தெரிந்தும் என்னிடம் சொல்லாமல், ஒரு ஏழையை ஊரைவிட்டு விரட்டப் பார்த்தீரா?" ராஜாவுக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன. "இனி இந்த நாட்டில் எந்தக் கொப்பரையிலும் உப்பே விழக்கூடாது!"

"ஐயையோ!" என்று தலையில் கைவைத்தார் அமைச்சர். "அப்படிச் செய்தால் உடையான் வெயிலில் சுருண்டு விழுவான். உப்பில்லாமல் உடம்பு ஓடாது மகாராஜா, தங்கள் உடம்பும்தான். அவனுக்கும் அளவு மீறினால் கெடுதிதான். ஆனால் அவனுக்கு வேண்டியது வேறு, தங்களுக்கு வேண்டியது வேறு. ஒரே கை எல்லாருக்கும் போட்டதுதான் தப்பு."

ராஜா மடைப்பள்ளியிலிருந்து உப்பு வைக்கிற மரக்கிண்ணத்தை, அந்த மரவையை, வரவழைத்தான். அதைத் தானே எடுத்து மாடக்கண்ணு கையில் கொடுத்தான். "இனி நீ போடு. ஆளைப் பார்த்துப் போடு. எனக்குக் கைச்சிக்கனமாகவே போடு. அமைச்சரே, இந்த மோதிரம் கழலும் நாளில் அது உம்முடையது." மாடக்கண்ணு மரவையை மார்போடு அணைத்துக்கொண்டு மறுபடி அழுதான்.

"எனக்கு?" என்றார் வல்லபராயர் மெதுவாக.

ராஜா உடையானின் துண்டை எடுத்து அவர் தோளில் போட்டான். "இதை அலசிப் போட்டுக்கொண்டு உப்பு வாரப் போம். இதில் உமது வெள்ளை பூத்த பிறகு சபைக்கு வரலாம்."

மறுநாள் வெயில் சாய்ந்த நேரம். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்க, நொண்டிக்கொண்டே மடைப்பள்ளி வாசலுக்கு வந்து நின்றார் வல்லபராயர். கையில் கஞ்சிக் கலயம்.

"மாடக்கண்ணு... இதில் ஒரு கல் உப்புப் போடேன் அப்பா."

மாடக்கண்ணு அவர் தோளில் கிடந்த கறுப்புத் துண்டைப் பார்த்தான். வெள்ளைக் கோடு ஓடியிருந்தது.

"இப்போ போடலாம் சாமி" என்றான்.