சுவத்தப் பாருங்க, திரும்பாதீங்க!

நிழலு கடிக்காதுன்னா சொல்லுதே? கடிக்காதுதாம்லே! கடிச்சுதுன்னு நான் எப்ப சொன்னேன்? வெள்ளெலிப் பள்ளிக்கூடத்து நிழலு கதைன்னு சொல்லி வாய மூடல, அதுக்குள்ள குறுக்க விழுந்தா எப்படி? வெள்ளெலிக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்னு வேற கேக்கே. உனக்கு எதுக்குலே பள்ளிக்கூடம்? பொழைக்கத் தெரியணும்னுதானே! அதுக்கும் அதேதான்.

உடமரக் காட்டுக்குள்ள ஒரு பாறை. பாறைக்குள்ள வெயிலு எட்டாத ஒரு வளஞ்ச குகை. அதுதான் வெள்ளெலிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். அங்க பயிற்சிக்கு வந்தவ பேச்சி. அவளும் வெள்ளெலிதான், சின்ன வயசு. தலைமையாசிரியரு சொரிமுத்துன்னு ஒரு ஆமை. அவரு "இவ தேறிட்டா"ன்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான் பேச்சி டீச்சர். சொல்லலேன்னா வீட்டப் பாத்துப் போக வேண்டியதுதான்.

சொரிமுத்து சார் கூத்தச் சொன்னா வயிறு வலிக்கும். பாடம் நடத்தும்போதே தூங்கிருவாரு. பிள்ளைக அவரு முதுகுல கட்டம் போட்டுப் பாண்டி ஆடும். முழிச்சதும், "இன்னைக்குக் கணக்குப் பாடம் நல்லா நடந்துச்சு!"ம்பாரு. சரி, அவரு கெடக்காரு.

பேச்சிக்கு வாச்சது பாம்புப் பாடம். அத எப்படி நடத்துவாக? பாம்பு போன தடத்துக்குப் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போயி மண்ண மோந்து பாக்கச் சொல்லுவாக. வாடை மூக்குல ஏறுனதும் பிள்ளைக அலறிக்கிட்டு ஓடும். அம்புட்டுத்தான் பாடம். பேச்சியும் ஒருநாள் நடத்துனா. ஒண்ணு அழுதுச்சு. ஒண்ணு மோண்டுருச்சு. மத்ததெல்லாம் மூலைக்கு ஒண்ணா செதறிருச்சு.

"ஏம்மா, இது வகுப்பா, சந்தையா?"ன்னாரு சொரிமுத்து சார்.

பேச்சிக்கு அவமானமாப் போச்சு. "இன்னுமா மண்ண மோந்துக்கிட்டு இருக்கது? புதுசா ஒரு கருவி கொண்டாந்து காட்டுதேன்!"னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டா.

வேலியோரம் ஒரு பாம்புச் சட்டை கெடந்துச்சு. நல்ல பாம்பு உரிச்சுப் போட்டது. அத எடுத்து ஓடைத் தண்ணியில அலசுனா. துளி வாடை இல்லாமப் போற மட்டும் அலசுனா. பிள்ளைக பயந்துரக் கூடாதுல்ல!

வெளிச்சத்துக்கு மின்மினிக. பகல்ல மின்மினி வேலைக்கு வருமான்னு கேக்காதே, வரும். அதுகள ஒரு தூக்கணாங்குருவி தன் கல்யாண வீட்டுல வெளக்குக்குன்னு களிமண்ணுல ஒட்டி வச்சிருந்துச்சு. பேச்சிதான் மண்ணச் சொரண்டி அவுத்து விட்டா. வீடு இருட்டிப் போயி, மாப்பிள்ளை தடவித் தடவி மாமியா மடியில போயி உக்காந்துட்டாராம்! அந்த நன்றிக்குத்தான் மின்மினிக வந்துச்சு.

குகை வாசப் பக்கம் மின்மினிக. அதுக்கு முன்னால கொடியில தொங்குற சட்டை. எதுத்த சுவத்துல நிழலு. பிள்ளைக வாசலுக்கு முதுகக் காட்டிச் சுவத்தப் பாத்து உக்காந்திருக்கும். சுவத்தோரம் நின்னு பேச்சி கொடிய இழுத்தா, நிழலு எந்திரிச்சுப் படம் எடுக்கும். யம்மாடி! பனை ஒசரம்!

யாராவது திரும்பிப் பாத்தா வெறும் தோலுன்னு தெரிஞ்சு போகுமே! அதுக்கு ஒரு சட்டம் போட்டா. "சுவத்தப் பாருங்க! திரும்பாதீங்க!"

"இது என்ன?"

"நல்ல பாம்பு டீச்சர்!"

"கண்டா என்ன செய்யணும்?"

"ஓடணும் டீச்சர்!"

சம்மணம் போட்டு உக்காந்துக்கிட்டே சொல்லும்! அதுலயும் இசக்கின்னு ஒருத்தன், கேள்வி முடியுமுன்ன பதில் சொல்லிருவான். கீச்சுன்னு ஒரு குரலு அவனுக்கு. பேச்சிக்கு அவன் மேல கொள்ளைப் பிரியம்.

குருணைன்னு ஒரு பொடிசு மட்டும் மூக்கச் சுளிச்சிச்சு. "டீச்சர், இதுக்கு ஏன் வாடையே இல்ல?"

"வாய மூடு குருணை! சுவத்தப் பாரு!"

சொரிமுத்து சார் வகுப்பப் பாக்க வந்தாரு. அவரும் முன்னால வந்து, சுவத்தப் பாத்து உக்காந்தாரு. அன்னைக்குன்னு பாத்துக் கொடி அந்து போச்சு. பேச்சி சட்டைய மடிச்சுக் காலுக்கடியில வச்சுக்கிட்டு, புதுக் கொடி முடிஞ்சுக்கிட்டு இருந்தா.

சுவத்துல நிழலு எந்திரிச்சுது.

"நல்ல பாம்பு டீச்சர்!"னு பிள்ளைக கத்துச்சு.

பேச்சி குனிஞ்சு பாத்தா. சட்டை காலுக்கடியிலதான் இருக்கு. நிழலு மெதுவா, ரொம்ப மெதுவா, படத்த விரிச்சுது. வாசப் பக்கம் பாத்தா. மின்மினிகளுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவுல அது நின்னுக்கிட்டு இருந்துச்சு.

"திரும்புங்க! ஓடுங்க!"ன்னு கத்துனா.

"திரும்புங்க! ஓடுங்க!"ன்னு பிள்ளைகளும் சேந்து கத்துச்சு. ஒண்ணு கூட அசையல!

"ஆகா! என்ன ஒழுங்கு! நீ தேறிட்டேம்மா!"ன்னாரு சொரிமுத்து சார்.

"உக்காருங்க, உக்காருங்க," ஒரு குரலு தேனாட்டம் வந்துச்சு. "என் சட்டைய வச்சுப் பாடம் நடக்குதாமே? நடக்கட்டும்."

சொரிமுத்து சார் தலை ஓட்டுக்குள்ள போயிருச்சு.

பேச்சி என்ன செய்வா? "மின்மினி! அணைங்க! எல்லாரும் அணைங்க!"ன்னு அலறுனா. குகை இருண்டு போச்சு. சுவரும் இல்ல, நிழலும் இல்ல. அப்பத்தான் அந்த வாடை மூக்குல ஏறுச்சு.

"டீச்சர், நாத்தம்! கொமட்டுது!"ன்னு குருணை வீறிட்டுச்சு. அம்புட்டுத்தான், பிள்ளைக கால் தன்னால ஓடுச்சு. சுவத்தோரம் ஒரு பொந்து இருந்துச்சு, அது வழியா விழுந்தடிச்சு வெளிய வந்துச்சு. பேச்சி ஒவ்வொண்ணாத் தள்ளி விட்டா.

இருட்டுக்குள்ள அந்தக் குரலு கேட்டுச்சு. "பிள்ளைகளா, நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்?"

"நல்ல பாம்பு!" கீச்சுன்னு ஒரு பதிலு.

"சபாஷ். சரியான பதில்."

அப்புறம் ஒரு சத்தமும் இல்ல.

வெளிய வெயிலு. பேச்சி பேரு சொல்லிக் கூப்பிட்டா. "குருணை!" "உள்ளேன் டீச்சர்!" ஒவ்வொண்ணும் சொல்லிச்சு.

"இசக்கி!"

பேச்சி பொந்து வாயில குனிஞ்சா.

"யய்யா, இசக்கி!"

பொந்துக்குள்ள இருந்து வந்துச்சு பதிலு.

"உள்ளேன் டீச்சர்."

கீச்சுக் குரலு இல்ல. தேனாட்டம் குரலு.

அதனால கேட்டுக்கோ: கருவி எம்புட்டுப் புதுசா இருந்தாலும், பிள்ளைக்குப் பதில் சொல்ல மட்டும் பழக்கி, திரும்பிப் பாக்கவும் ஓடவும் மறக்கடிச்சா, அது பாடமே இல்ல.

ஏட்டி சுடலி! வெளிய கெடக்குற பாய உள்ள எடுத்துட்டு வா. அப்படியே சுருட்டாதட்டி, உதறிட்டு எடு!