தூணுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

எழிலரசிக்கு நடந்தது அநியாயம். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

முதுகலைப் பொறியியலின் கடைசிப் பருவம் முழுக்க அவள் ஒரே ஒரு வேலைதான் செய்தாள். ஊர் நடுவே கான்கிரீட்டில் எழும்பி நிற்கும் ஏழு மாடி ஹோட்டலை எடுத்துக்கொண்டாள். அதையே இரும்புச் சட்டங்களால் கட்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று மறுபடி வடிவமைத்தாள். தூணுக்குத் தூண், உத்தரத்துக்கு உத்தரம். கணக்கு எங்கேயும் பிசகவில்லை.

வழிகாட்டி சண்முகவடிவு மேடம் அந்த ஆய்வறிக்கையில் கையெழுத்துப் போடவில்லை.

அதே வாரம், போன வருடத்து அறிக்கைக்குப் புது அட்டை மட்டும் போட்டுக் கொண்டுவந்த இரண்டு பேருக்கு அவரவர் வழிகாட்டிகள் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவன் உள்ளே வருடத்தைக்கூட மாற்றவில்லை.

மாதக் கடைசிக்குள் கையெழுத்து இல்லையென்றால் பட்டம் அடுத்த வருடம்தான். சென்னையில் காத்திருக்கும் வேலையும் வேறு யாருக்கோ போய்விடும்.

எழிலரசி மேடத்தின் அறைக்குப் போனாள்.

"எதுல மேம் தப்பு?"

"தப்பே இல்ல."

"அப்போ கையெழுத்து?"

"தப்பு இல்லங்கிறது ஒரு காரணமா?"

"அது காரணம் இல்லன்னா வேற எதுதான் மேம் காரணம்? எடை பாதியாக் குறைஞ்சிருக்கு. அஸ்திவாரம் சின்னதாயிருக்கு. பலகை அடிச்சு, கான்கிரீட் ஊத்தி, அது இறுகுற வரைக்கும் காத்துக்கிடக்க வேண்டாம். காத்தடிச்சா நிக்குமான்னு பார்த்துட்டேன். நிலநடுக்கத்துக்கும் பார்த்துட்டேன்."

"தெரியுது. நல்லாவே பார்த்திருக்க."

"அப்புறம் என்ன?"

மேடம் அறிக்கையை அவள் பக்கமே நகர்த்தினார்.

வடிவு மேடத்துக்கு இவளைவிட ஏழெட்டு வயதுதான் கூடுதல். பெரிய பேராசிரியர்கள் எல்லாம் தட்டிக்கழித்த இரும்பு வடிவமைப்புப் பாடத்தை, எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கியவர். அவர் வகுப்பில் கடைசி பெஞ்சு காலியாகவே கிடக்கும். எல்லோரும் முன்னால் நகர்ந்துவிடுவார்கள். கரும்பலகையில் ஒரு கோடு போட்டால் அந்தக் கோடு பாரம் தாங்குகிற மாதிரியே தெரியும். எழிலரசி இந்தத் தலைப்பை எடுத்ததே அவருக்காகத்தான்.

அதனால்தான் கோபம் இரட்டிப்பு.

மேடம் பேனாவை மூடினார்.

"ஞாயித்துக்கிழமை அந்த ஹோட்டல்லதான் எங்க சித்தி மகளுக்குக் கல்யாணம். வா."

"நான் கையெழுத்துக் கேட்டேன் மேம்."

"நான் கல்யாணத்துக்குக் கூப்பிட்டேன்."

விடுதியில் அறைத்தோழி சொன்னாள்: "சாப்பாடு போட்டு வாயை அடைக்கப் பார்க்கிறாங்கடி. போகாத."

"போவேன். போய் அங்கயும் கேப்பேன்."

போனாள்.

ஹோட்டலின் தரைத்தளத்தில்தான் கல்யாண மண்டபம். வாசலிலேயே மேடம் நின்றிருந்தார். பட்டுப்புடவையில் வேறு யாரோ மாதிரி இருந்தார். எழிலரசியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், வரிசை நடுவே ஒரு நாற்காலியைக் காட்டினார்.

"இங்க உட்காரு. எழுந்திரிக்காத."

சொல்லிவிட்டு மேடைப் பக்கம் போய்விட்டார்.

நாற்காலிக்கு நேர் எதிரே ஒரு தூண். ரோஸ் நிறத் துணி சுற்றி, மல்லிகைச் சரம் தொங்கவிட்டு, உச்சியில் ஒரு டிவி மாட்டியிருந்தார்கள். டிவியில் போட்டோகிராபரின் முதுகு தெரிந்தது.

இடது பக்கம் சாய்ந்தால் மணப்பெண்ணின் முழங்கை. வலது பக்கம் சாய்ந்தால் ஐயரின் தோள்.

பக்கத்து நாற்காலி அம்மாள் அவள் சாய்வதைப் பார்த்துச் சிரித்தாள்.

"இந்த இடம் இப்படித்தாம்மா. ஆவணியில என் கொழுந்தன் மகன் கல்யாணமும் இங்கதான். தாலி கட்டுனதைக் காதாலதான் பார்த்தேன்."

"வேற இடம் பார்த்து உட்காரலாமே?"

"எங்க போனாலும் ஒண்ணு நிக்குதே."

கெட்டிமேளம் முழங்கியது. மண்டபமே எழுந்து அட்சதையை வீசியது. எழிலரசியும் கையில் இருந்ததை வீசினாள்.

அரிசி தூணில் பட்டு, அவள் மேலேயே வந்து விழுந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மேடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எழிலரசியின் தோளில் ஒட்டியிருந்த மஞ்சள் அரிசியைத் தட்டிவிட்டார்.

"பார்த்தியா?"

"தூணைப் பார்த்தேன்."

"உன் படத்துல இந்த நாற்காலி இருக்கா?"

எழிலரசி தன் படத்தை மனதில் விரித்துப் பார்த்தாள்.

இருந்தது. அதே இடம், அதே தூண். கான்கிரீட்டுக்குப் பதில் இரும்பு. இரும்பு ஒல்லிதான். ஆனால் தீத்தடுப்புக்கு அதைச் சுற்றிப் பலகை அடித்தால் ஏறக்குறைய இதே பருமன்.

"இது நான் வெச்ச தூண் இல்ல மேம். கான்கிரீட்ல கட்டினவங்க வெச்சது."

"சரி. உன் படத்துல யாரு வெச்சது?"

"நான்தான்."

"ஏன் அங்க வெச்ச?"

"அங்க இருந்துச்சு."

சொன்ன பிறகு அவளுக்கே காது சூடானது. ஆனால் தோற்றுப்போய் உட்கார்ந்துவிடுகிற பெண் இல்லை அவள்.

"அதை எடுத்துட்டா மேல இருக்கிற அத்தனை மாடியும் எதுமேல நிக்கும்? அதைச் சொல்லுங்க முதல்ல."

"மேல போய் என் பையை எடுத்துக்கலாம். அப்புறம் சாப்பிடப் போகலாம்" என்றார் மேடம்.

லிஃப்டிலும் எழிலரசி விடவில்லை.

"கேள்வி கேட்டா பதில் சொல்லணும் மேம். எடுன்னு சொல்றது சுலபம்."

"நான் எடுக்கச் சொன்னேனா?"

"சொல்லாமச் சொல்றீங்க."

"ரொம்பக் கூட்டமா இருக்குல்ல இந்த லிஃப்ட்" என்றார் மேடம். லிஃப்டில் அவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

மூன்றாவது மாடியில் உறவுக்காரர்களுக்கு என்று எடுத்திருந்த அறை. கட்டில் முழுக்க ஊசி, பின், உதிர்ந்த பூ, பிரித்துப்போட்ட புடவை உறைகள். எழிலரசி ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துத் திருப்பி, நின்றபடியே அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள்.

"இதோ பாருங்க. அந்த ஓரத்துலேர்ந்து இந்த ஓரம் வரைக்கும் தூணே இல்லாமத் தாண்டணும்னா உத்தரம் இவ்வளவு ஆழம் வேணும். ஒரு ஆள் உயரத்துக்கும் மேல. ஒரு மாடியையே தின்னுடும். ஒரு மாடி ரூமை எந்த ஹோட்டல்காரர் விட்டுக்குடுப்பார்? எங்க மேம் வைக்கட்டும் அதை? உங்க தலைமேலயா?"

அதிகமாகப் பேசிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. இருந்தாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேள்வி நியாயமானது.

மேடம் தலையணைப் பக்கத்துச் சுவரை விரல் முட்டியால் தட்டினார்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"பந்தி போட்டாச்சா?"

"போட்டாச்சு" என்றார் மேடம்.

எழிலரசி அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

தரையிலிருந்து கூரை வரை சுவர். ஜன்னல் ஓரத்திலிருந்து நடைவழி வரை சுவர். அதில் கதவு இல்லை, ஜன்னல் இல்லை. என்றைக்கும் வரப்போவதும் இல்லை. அந்தப் பக்கம் வேறொருவர் படுக்கை. இப்படி ஒவ்வொரு மாடியிலும், அறைக்கும் அறைக்கும் நடுவில் ஒன்று. உத்தரத்துக்கு அவள் கேட்ட ஒரு மாடி ஆழம் இந்த ஹோட்டலில் இந்தச் சுவர்களுக்கு மட்டும்தான் இருந்தது.

அவள் படத்தில் இந்தச் சுவர்கள் எல்லாம் வெறும் எடை.

"மேம், நான் சாப்பிட வரல."

"பால் பாயசம்."

"வேண்டாம் மேம்."

பத்திரிகையைச் சுருட்டிக்கொண்டு படிக்கட்டில் ஓடினாள். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

பிறகு அவள் வரைந்ததை இன்றைக்கும் அந்தத் துறையில் பேசுகிறார்கள். பேசட்டும், தகும்.

ரயில் பாலத்தின் பக்கவாட்டில் சாய்வுச் சாய்வாக நிற்கும் இரும்புச் சட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கொண்டுவந்து அறைக்கும் அறைக்கும் நடுவே சுவருக்குள் நிறுத்தினாள். ஒரு மாடியில் இந்தச் சுவருக்குள் என்றால் அடுத்த மாடியில் அடுத்த சுவருக்குள். ஒவ்வொரு சட்டமும் தன் காலடியில் ஒரு தளத்தையும் தலைமேல் ஒரு தளத்தையும் பிடித்துக்கொண்டது. நடைவழி குறுக்கே போகும் இடத்தில் மட்டும் சாய்வுகளை எடுத்துவிட்டாள். மனிதர்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு அதன் வழியே போகலாம். தலையணையை நிமிர்த்திச் சாய்ந்து டிவி பார்க்கிறவருக்கு, தான் சாய்ந்திருப்பது கட்டடத்தின் உத்தரத்தில் என்று தெரியவே தெரியாது.

தூண்கள் வெளி ஓரங்களில் மட்டும்.

கல்யாண மண்டபத்தில் ஒன்றுகூட இல்லை.

கணக்கைச் சரிபார்க்க நூலகத்துக்குப் போனபோதுதான் அந்தப் பழைய புத்தகம் அகப்பட்டது. அவள் கண்டுபிடித்த அதே ஏற்பாடு. வேறு தேசங்களில் எப்போதோ கட்டி, அதில் ஆட்கள் தூங்கி எழுந்தும்விட்டார்கள்.

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தாள். பிறகு பழைய கோபம் முழுசாகத் திரும்பி வந்தது.

படங்களை மேடத்தின் மேஜைமேல் விரித்தாள்.

மேடம் உட்காரவில்லை. மண்டபத்தின் படத்தைத்தான் முதலில் பார்த்தார். வெறும் தரை. அதன்மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நகர்த்தினார். எதுவும் இடிக்கவில்லை.

பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

அடுத்து நன்றியுரைப் பக்கத்தைத் திருப்பினார். 'சுவரைத் தட்டி வழி காட்டிய சண்முகவடிவு அவர்களுக்கு' என்று இருந்த வரியைக் குறுக்கே அடித்தார்.

"அதை ஏன் மேம் அடிக்கிறீங்க?"

"பொய் எழுதக் கூடாது."

"பொய்யா? மேம், இது புத்தகத்துலயே இருக்கு. நான் பொறக்குறதுக்கு முன்னாடியே கட்டியிருக்காங்க. உங்களுக்குத் தெரியாம இருக்குமா? பருவம் பூரா தெரிஞ்சுக்கிட்டே என்னை அலைய விட்டீங்க. முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. தெரிஞ்சதாலதானே அன்னைக்குச் சுவரைத் தட்டுனீங்க?"

மேடம் பேனாவை மூடினார்.

"பக்கத்து ரூம்ல எங்க அக்கா இருந்தா. சாப்பிடக் கூப்பிட்டேன்."