ஓலைநாயகம் எடுத்த கயிறு

மருதங்கோட்டை ராஜாவுக்கு ஒரு பழக்கம். நல்ல நல்ல உத்தரவாகப் போடுவார். போட்ட கையோடு மறந்தும் போவார். அப்படிப் போட்டதில் ஒன்று: வியாபாரிகளைப் பற்றி அரண்மனையில் இருக்கும் ஓலைகளைக் குடிமக்கள் யார் கேட்டாலும் காட்ட வேண்டும். தெருத்தெருவாகத் தண்டோரா போட்டார்கள். ஜனங்களுக்கு ஒரே சந்தோஷம்.

அதை நம்பித்தான் செவந்தாயி, அந்த ஓலைகளை வைத்திருக்கும் ஓலைச்சாலைக்கு வந்தாள், பாவம். அவள் புருஷன் மாடக்கண்ணு கிணறு வெட்டுகிறவன். மறுநாள் அரண்மனைப் புதுக் கிணற்றில் பதினோரு பேரோடு இறங்கப் போகிறான். போன வாரம்தான் பக்கத்து ஊர்க் கிணற்றில் கயிறு அறுந்து, அவள் தம்பி இடுப்பொடிந்து கிடக்கிறான்.

ஊரில் கயிறு வியாபாரிகள் மூன்றே பேர். ஒருவர் கயிற்றின் நுனியில் சிவப்பு நூல், இன்னொருவருக்கு வெள்ளை, மூன்றாமவருக்குக் கறுப்பு. கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, எது எவ்வளவு தாங்கும் என்று சோதித்து எழுதிய ஓலை ஓலைச்சாலையில் பத்திரமாக இருந்தது. ஓலைச்சாலைக்குத் தலைவர், ஓலைநாயகம் என்ற பட்டம் பெற்ற திருமேனியார்.

"எந்தக் கயிறு தாங்கும்னு பார்த்துச் சொல்லுங்க சாமி."

"தாராளமாகப் பார்க்கலாம் அம்மா. உத்தரவே இருக்கிறதே! வியாபாரிகளிடம் சம்மதம் மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு வா."

போனாள். சிவப்பு நூல்காரர் உடனே எழுதிக் கொடுத்தார். மற்ற இருவரும் வயிறு குலுங்கச் சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

"அப்படியானால் இது வியாபார ரகசியம்" என்றார் திருமேனியார். "வெளியே சொன்னால் அவர்கள் தொழில் என்னாவது?"

"தொழிலைப் பார்க்கிறீங்க. எம் புருஷன் உசிரு?"

"அது ஓலைச்சாலை விவகாரம் இல்லையம்மா."

செவந்தாயி அழுதுகொண்டே நேராக ராஜசபைக்கு ஓடினாள். ராஜா தலையைச் சொறிந்தார். திருமேனியாரை வரவழைத்துக் கேட்டார்.

"மூன்று கயிற்றுக்கும் அரண்மனை முத்திரை உண்டு மன்னா. மூன்றும் பத்திரம். ஓலை மட்டும்தான் ரகசியம்."

சபையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போன வெள்ளியங்கிரி எழுந்தார்.

"ஓலைநாயகம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் மன்னா. நாளைக்குக் கிணற்றுப் பூசை. ஆட்கள் இறங்கும் முன்னால், ஒரு பெரிய மனிதர் அடியில் இறங்கி ஊற்றுக்கு மஞ்சளும் பூவும் வைப்பது நம் வழக்கம். இந்தத் தடவை அந்த மரியாதை இவருக்கே போகட்டுமே!"

"பேஷ்!" என்றார் ராஜா.

'நாசமாப் போக, இந்த ஆளும் அவங்க பக்கந்தானா!' என்று செவந்தாயி மனசுக்குள் வெள்ளியங்கிரியைச் சபித்தாள்.

விடிந்தது. கிணற்றடியில் ஊரே கூடியிருந்தது. மூன்று கயிறும் சுருள் சுருளாகக் கிடந்தன. வெள்ளியங்கிரி கறுப்பு நூல் கயிற்றை எடுத்து, பயபக்தியோடு திருமேனியாரின் இடுப்பில் சுற்றப் போனார்.

"ஐயோ, இது வேண்டாம்!"

"ஏன் ஐயா?"

"கறுப்பு... எனக்கு ராசியில்லை."

"அதற்கென்ன? வெள்ளை இருக்கிறது."

திருமேனியார் கிணற்றை எட்டிப் பார்த்தார். அறுபது அடி. நெற்றியில் பூசிய திருநீறு வியர்வையில் கரைந்து மூக்கில் வழிந்தது.

"வெள்ளையும் வேண்டாம்!" என்று அலறியவர், பாய்ந்து போய்ச் சிவப்பு நூல் கயிற்றை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

செவந்தாயி முன்னால் வந்தாள். மற்ற இரண்டு கயிற்றையும் எடுத்தாள். தூரத்துக் குப்பைமேட்டில் வீசிவிட்டு வந்தாள். பிறகு புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். தன் கைக் காப்பைக் கழற்றி வெள்ளியங்கிரிக்குப் போட்டார். அந்த ஓலையை அன்றைக்கே கயிற்றுச் சந்தையில் தொங்கவிடச் சொன்னார்.

"மன்னா, என்மேல் குற்றமில்லை!" என்று பதறினார் திருமேனியார். "நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை!"

"உண்மைதான் மன்னா" என்றார் வெள்ளியங்கிரி. "வியாபாரிகளின் ரகசியத்தைக் கடைசிவரை கட்டிக் காத்திருக்கிறார். நடுவில் தன் உயிரையும் கொஞ்சம் காப்பாற்றிக்கொண்டார், அவ்வளவுதான்."