நாப்பத்தோராவது மாடம்

யானைன்னா உசிரை விடுற ராஜா ஒருத்தர் இருந்தாரு. மங்கைராயர்னு பேரு. ராணிக்கு ஒரு மூக்குத்தி வாங்க மூணு மாசம் யோசிப்பாரு, யானைக்குன்னா அள்ளி வீசுவாரு. ராணி கோவிச்சுக்கிட்டு யானைக் கொட்டாரத்துலயே போய்ப் பாயை விரிச்சது தனிக் கதை. அது கெடக்கட்டும்.

யானை நகைக்குன்னே ஒரு அறை. சுவத்துல நாப்பது மாடம். மாடத்துக்கு ஒரு ஜோடனை: நெத்திப்பட்டம், மணி, கால் சலங்கை, முதுகு விரிப்பு. நாலு உருப்படி. கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. சாவி சாத்தப்பன்கிட்ட. அரமனையிலேயே பெரிய வாயும் அவன்கிட்டதான்.

அந்த அறைக்கு ஒரு கட்டு உண்டு. 'இல்லை'ங்கற சொல்லு உள்ள வரவே கூடாது, யாரா இருந்தாலும். நாமளும் அரிசி தீந்தா 'நெறைஞ்சிருக்கு'ன்னுதானே சொல்றோம்? எங்க பக்கத்து வீட்டு அலமேலு ஒருநா விருந்தாளி முன்னாடி 'உப்பு நெறைஞ்சிருக்கு'ன்னா. அந்த மனுசன் சாம்பாரைப் பத்தித்தான் சொல்றான்னு எலைய மூடிட்டு எழுந்துட்டாரு! ஆங், எங்க விட்டேன்? ராஜா ஒரு ஜோடனையக் காட்டி 'எந்த மாடம்?'னு கேட்டா, சாத்தப்பன் எண்ணை மட்டும்தான் சொல்லணும். தப்பா சொன்னாலோ, அந்தச் சொல்லு வாயில வந்தாலோ, சாவியும் போச்சு, ஊரும் போச்சு.

தளவாய் நரசப்பனுக்கு அந்தச் சாவிய மச்சானுக்கு வாங்கிக் குடுக்க ஆசை. என்ன பண்ணினான்? ஏழாவது மாடத்து நகைய அச்சு அசலா செய்யச் சொன்னான், விரிப்பை மட்டும் வேணும்னே விட்டுட்டு. மூணு உருப்படியும் தட்டுல வச்சு ராஜா கையில குடுத்தான்.

"சாத்தப்பனைச் சோதிச்சுப் பாருங்க மகாராஜா."

ராஜாவுக்கு வேடிக்கைன்னா விடுவாரா? மூணு பேரும் அறைக்குள்ள போனாங்க.

"சாத்தப்பா, இது எந்த மாடம்டா?"

சாத்தப்பன் பார்த்தான். 'ஏழு' நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. விரிப்பைக் காணோமேன்னு அப்படியே முழுங்கிட்டான். ஏழுன்னா தப்பு, எதுலயும் இல்லைன்னா கட்டை மீறினதாயிடும்.

என் நாத்தனார் பொண்ணு சுகுணா கம்ப்யூட்டர்ல இருக்கா. வரிசை வரிசையா அடுக்கி வச்சுத் தேடறதுக்குன்னே அதுல தனி பாஷைங்க இருக்காம். நாலு நாலா அடுக்கினதுல மூணைக் குடுத்துத் தேடச் சொன்னா, ஒரு பாஷை 'நீளம் சேரல'ன்னு கத்திட்டுப் படுத்துக்குமாம். சாத்தப்பன் அப்படிக் கத்த முடியுமா? ராஜா கேட்டதே தப்புன்னு ஆயிடாதா?

"என்ன சாத்தப்பா, வாய்க்குப் பூட்டா?" தளவாய்க்குக் குஷி. "சாவியக் குடு, என் மச்சான் வந்து தொறப்பான்."

சாத்தப்பன் நிமிந்தான். "மகாராஜா, இது நாப்பத்தோராவது மாடம்."

தளவாய் குதிச்சான். "பொய்யி! நாப்பத்தோராவது மாடமே இல்லை!"

அம்புட்டுதான்.

"நரசப்பா, இப்ப என்ன சொன்னே?"ன்னாரு ராஜா.

தளவாய் ரெண்டு கையாலயும் வாயைப் பொத்தினான். சிந்தின பாலை அள்ளவா முடியும்?

ராஜா திரும்பினாரு. "சாத்தப்பா, நாப்பதுக்கு அந்தாண்ட வெறும் சுவருடா."

"சுவருதான் மகாராஜா. ஏழாவதுல மூணு உருப்படி ஒத்துப்போகுது, ஆனா மூணு நாலாகுமா? முக்காவாசி பொருத்தத்தை வச்சுக் கல்யாணம் பண்ணின மாதிரி ஆயிடும். நாப்பது மாடத்துலயும் தேடித் தாண்டியாச்சு. இனி இதை வைக்கறதா இருந்தா அடுத்த எடத்துலதானே வைக்கணும்? அந்த எண்ணைத்தான் சொன்னேன்."

சுகுணா சொன்ன இன்னொரு பாஷையும் இப்படித்தானாம். அளவு சேரலேன்னா சண்டைக்கு வராது. கடைசி எண்ணுக்கு அடுத்த எண்ணைச் சொல்லிட்டுக் கம்முனு இருந்துக்குமாம். சமத்து!

ராஜா தன் சால்வைய எடுத்துச் சாத்தப்பன் தோள்ல போட்டாரு.

"நரசப்பா, நீ ஊரை விட்டெல்லாம் போக வேண்டாம். நாப்பத்தோராவது மாடத்தை நீயே சாந்து கொழைச்சுக் கட்டு. மச்சானைச் சித்தாளா வச்சுக்க."

சொல்லிட்டு ராஜா சாத்தப்பனை ஓரக்கண்ணால பார்த்தாரு. "ஏன்டா, நாளைக்கு நான் வேற தட்டு கொண்டாந்தாலும் இதே நாப்பத்தொண்ணைச் சொல்லித் தப்பிச்சுக்குவியோ?"

"ராஜாகிட்ட பொய் சொல்லுவேனா? அதுக்குள்ளதான் தளவாய் கட்டி முடிச்சிருப்பாரே. நாளைக்கு நாப்பத்திரெண்டு மகாராஜா!"