கதவு இல்லாதவங்களுக்கு வீடு கிடையாது

ராஜாக்களுக்குத் தர்ம சிந்தனை வர்றது நல்ல விஷயம்தான். அதை நடத்த ஒரு அதிகாரியைப் போடுவாங்க பாருங்க, அங்கதான் வில்லங்கமே ஆரம்பிக்கும்.

பூங்குடி ராஜா அழகேந்திரருக்கும் அப்படித்தான் ஆச்சு. அந்த வருஷம் வெள்ளத்துல ஆத்தங்கரைக் குடிசை அத்தனையும் போயிடுச்சு. ராஜா மனசு கேக்கல. கோட்டைக்கு வெளியே வரிசையா ஓட்டு வீடு கட்டினார். "இல்லாதவங்களுக்கு இலவசமா குடுங்க. யாருக்கு ரொம்பக் கஷ்டமோ அவங்களுக்கு முதல்ல" அப்படின்னு சொல்லி, திருமேனிநாதர்னு ஒருத்தரை அதிகாரியாப் போட்டார். அவரு மோதிரத்தைத் திருகிக்கிட்டே பேசுற ஆளு.

மனு கொடுக்க செங்கமலம் வந்தா. குடிசை போனவ. இடுப்புல கைக்குழந்தை, அதுக்கு நெஞ்சுச் சளி. அடைமழைக்கு முன்னாடி தலைக்கு மேல ஒரு கூரை வேணும், இல்லேன்னா பிள்ளை தாங்காதுன்னு வைத்தியர் சொல்லிட்டாரு.

"எங்க குடியிருக்கே?" அப்படின்னார் திருமேனிநாதர்.

"சந்தைக் கொட்டாயில, சாமி. சந்தை கூடுற அன்னிக்கு அதுவும் கிடையாது."

"கதவு இலக்கம்?"

"கதவே கிடையாதுங்க."

"கதவு இல்லாதவங்க மனுவை எப்படிம்மா எடுக்கிறது? நாளைக்கு ஓலை அனுப்பணும்னா எங்க அனுப்புவேன்? முதல்ல ஒரு வீடு பார்த்துக் குடியேறு. அப்புறம் வந்து வீடு கேளு."

கேட்டீங்களா நியாயத்தை! அந்தப் பக்கமா வந்த சின்ன மந்திரி அம்பலவாணர் காதுல இது விழுந்தது. மனுஷன் ஒல்லிக்குச்சி, ஆனா வாய் சும்மா இருக்காது.

மறுநாள் சபையில திருமேனிநாதர் கணீர்னு வாசிச்சார். "யாருக்கு முதல்ல வீடுன்னு வரிசை போட்டாச்சு மகாராஜா. முதல் பேரு தாண்டவராயன். பெரிய குடும்பம், பெரிய கஷ்டம்."

"பெரிய வீடும் இருக்கு. உங்க சம்சாரத்தோட தம்பிதானே அவரு?" அப்படின்னார் அம்பலவாணர்.

சபை களுக்குனு சிரிச்சது. திருமேனிநாதருக்கு மூக்கு சிவந்துடுச்சு. "மகாராஜா, மனு கொடுத்தவங்க எல்லாருமே வீடு இல்லேன்னுதான் சொல்றாங்க. எவன் பொய் சொல்றான்னு கண்டுபிடிக்க இவருக்குத் தெரியுமா? தெரிஞ்சா செஞ்சு காட்டட்டும். ஆனா யாரு வீட்டுக்குள்ளயும் போகக் கூடாது. யாருகிட்டயும் ஒரு கேள்வி கேக்கக் கூடாது!"

ராஜாவுக்கு இந்த மாதிரி சமாசாரம்னா அல்வா. "என்னய்யா அம்பலவாணரே, முடியுமா? முடியலேன்னா இவர் போட்ட வரிசைதான்."

அம்பலவாணர் வானத்தை எட்டிப் பார்த்தார். கிழக்கே கருகருன்னு திரண்டு நின்னுது.

"முடியும் மகாராஜா. வீடு வேணும்கிற எல்லாரையும் சாயங்காலம் மைதானத்துக்கு வரச் சொல்லுங்க. நான் காதுல சொல்றப்ப, சொன்ன உத்தரவை அப்படியே போடுங்க. அது போதும்."

சாயங்காலம் மைதானம் கொள்ளல. எங்க பார்த்தாலும் கிழிசல் வேட்டி. தாண்டவராயன் மூஞ்சியில கரியெல்லாம் பூசிக்கிட்டு வந்திருந்தார், ஆனா காதுக் கடுக்கனைக் கழட்ட மறந்துட்டார். செங்கமலமும் கடைசியில ஒரு ஓரமா வந்து நின்னா.

பொட்டு பொட்டுனு தூறல் விழுந்துச்சு. அம்பலவாணர் ராஜா காதுல ஏதோ சொன்னார். ராஜா எழுந்து, "மழை வருது! எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போங்க!"ன்னு முழங்கினார்.

அவ்வளவுதான். ஓடினாங்க பாருங்க, ஒரே ஓட்டம்! தாண்டவராயன்தான் எல்லாருக்கும் முன்னாடி ஓடினார். மழை கொட்டத் தொடங்கினப்போ மைதானத்துல ஒரு சின்னக் கூட்டம்தான் அசையாம நனைஞ்சுக்கிட்டு நின்னுது.

திருமேனிநாதர் துள்ளிக் குதிச்சார். "பார்த்தீங்களா மகாராஜா! உங்க உத்தரவையே மதிக்கல. இவங்க பேரையெல்லாம் அடிச்சுடலாம்!"

ராஜாவுக்கும் கோபம் வந்துடுச்சு. "நான் போகச் சொல்லியும் ஏன் நிக்கிறீங்க?"

செங்கமலம்தான் மெதுவாச் சொன்னா: "வீட்டுக்குப் போகச் சொன்னீங்க, சாமி. எந்த வீட்டுக்குன்னு தெரியலியே."

ராஜா மழையில இறங்கி வந்து அவங்களை எண்ணிப் பார்த்தார்.

"கட்டின வீடு இவங்களுக்கே பத்தாதேய்யா. இதுல யாருக்கு முதல்ல குடுக்கிறது?" அப்படின்னு கேட்டார்.

"அதை அவங்களே முடிவு பண்ணிட்டாங்க, பாருங்க" அப்படின்னு அம்பலவாணர் கைகாட்டினார். அந்தக் கூட்டத்துக்கிட்ட இருந்ததே ஒரே ஒரு கோணி. அதை நாலு பேரு விரிச்சுப் பிடிச்சிருந்தாங்க. கீழே செங்கமலமும் பிள்ளையும். பக்கத்துல ஒரு கண் தெரியாத கிழவர். மத்தவங்கல்லாம் வெளியே நனைஞ்சாங்க.

"முதல் வீடு அந்தப் பிள்ளைக்கு! இப்பவே!"ன்னார் ராஜா.

அந்த நேரம் பார்த்து தாண்டவராயன் தாழங்குடை பிடிச்சுக்கிட்டு மூச்சிரைக்க வந்தார். "மகாராஜா, என் பேரைக் கூப்பிட்டாச்சா? வீடு வரைக்கும் போய்க் குடை எடுத்துட்டு வந்தேன்!"

ராஜா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சார். குடையைப் பிடுங்கி செங்கமலத்துக்குக் கொடுத்தார். "அம்பலவாணரே, உமக்கு என்ன வேணும்? கேளும்."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் மகாராஜா. மிச்சப் பேருக்கு வீடு கட்டுற வரைக்கும் திருமேனிநாதரும் சந்தைக் கொட்டாயிலயே குடியிருக்கட்டும்."

திருமேனிநாதர் பதறிட்டார். "ஐயையோ! நான் எப்ப வீட்டுக்குப் போறது?"

"வரிசை வரும்போது போகலாம். வரிசையில கடைசிப் பேரு உங்களோடதுதான்" அப்படின்னார் அம்பலவாணர்.

பூங்குடியில அவ்வளவு வேகமா வீடு கட்டி யாரும் பார்த்ததே இல்ல. திருமேனிநாதரே செங்கல் சுமந்தாராம்!